பிள்ளையாரை நான் ஏமாற்றிய வெள்ளிக்கிழமை

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், ஐயரும் மாமாவும் மாமியும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நிற்க, எங்கள் ஊர்ப் பிள்ளையாரை நான் ஏமாற்றினேன். அவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. பதிலுக்கு ஓர் அற்புதம் செய்து என்னை மடக்கிப்போட்டார். பத்து வருடமாக இதை அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன். யாராவது கடவுள் இல்லை என்று வாதாடினால் வாயைத் திறக்காமல் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். பாவம், அலரிப் பூ விஷயம் இவர்களுக்குத் தெரியாது என்று நினைப்பேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் சின்னம்மாவின் புத்தகம்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். காலையில் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார். மத்தியானம் வந்து சாப்பிட்டதும் படிக்கத் தொடங்கிவிடுவார். பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுதுகிற வெளிவாரிப் பட்டப்படிப்பு அது. பாடங்களில் ஒன்று சமய மெய்யியல். அதற்கான அறிமுக வாசிப்புப் புத்தகம், போட்டோப்பிரதி எடுத்துச் சுருள்கம்பி போட்டது, செங்கல் தடிப்பில் இருந்தது. கடவுள் இருக்கிறாரா, இருந்தால் அது நமக்கு எப்படித் தெரியும், அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா என்று பக்கம் பக்கமாகக் கேள்விதான்.

அந்தப் பிரதியைப் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போய் எடுத்துவந்தவர் மாமா. அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்தவர், பக்கத்து வளவில் இருந்தார், வயல்காரர். கோயில் என்றால் உயிரை விடுவார். வெள்ளிக்கிழமைகளில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய், பூப்பறித்து, மாலை கட்டி, பூசை முடிந்த பிறகுதான் வாயில் ஏதாவது வைப்பார். போட்டோப்பிரதிக் கடையில் காத்து நின்ற நேரத்தில் முதல் இரண்டு பக்கத்தை வாசித்துவிட்டார் போலும். புத்தகத்தை மேசையில் வைத்தபோது முகம் சரியில்லை.

"கடவுள் இருக்கிறாரோ எண்டு கேக்கிறதுக்கு ஒரு பட்டமோ பிள்ளை? என்னட்டைக் கேட்டிருந்தால் சும்மாவே சொல்லியிருப்பனே."

"கேக்கப் பழக்கிற படிப்பண்ணை இது," என்றார் சின்னம்மா.

"கேள், கேள். ஆனால் மரியாதையாக் கேள்," என்றவர், பழைய நாட்காட்டியிலிருந்து பிள்ளையார் படம் போட்ட தாளைக் கிழித்து அந்தப் புத்தகத்துக்கு உறை போட்டுக் கொடுத்தார். உள்ளே என்ன இருந்தாலும் வெளியே பிள்ளையார் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்.

சின்னம்மாவுக்கு மனதுக்குள் படித்தால் ஏறாது. கிணற்றடியிலிருந்து மாட்டுக்கொட்டில் வரைக்கும் நடந்து நடந்து, சத்தமாகச் சொல்லித்தான் பாடமாக்குவார். புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. ஒரு சொல் பிசகினால் நான் "பிழை!" என்று கத்தவேண்டும். வீட்டில் ஒரு பெரிய ஆளைப் பார்த்துப் பிழை என்று கத்துவதற்கு அனுமதி கிடைப்பது எப்பேர்ப்பட்ட பாக்கியம்! அவர் சரியாகச் சொன்ன இடங்களிலும் இரண்டொரு தரம் கத்திப் பார்த்தேன்.

அந்தப் புத்தகம் எனக்கு ஒரு சண்டையாகத்தான் விளங்கியது. ஒவ்வோர் அத்தியாயத்திலும் முதலில் ஒருவர் வந்து கடவுள் இருக்கிறார் என்பார். நான் அவர் பக்கம். பிறகு வேறொருவர் வந்து அதெப்படி என்பார். இவரும் விடமாட்டார், அவரும் விடமாட்டார். கடைசியில் யார் வென்றது என்று ஆவலாகப் பக்கத்தைத் திருப்பினால், மாணவர் தாமே சிந்திக்கவும் என்று போட்டிருக்கும். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். மழை வந்து குழப்பிய கிரிக்கெட் மாதிரி. "எழுதினவருக்கே தெரியாதோ?" என்று கேட்டால், "தெரியாதெண்டு ஒப்புக்கொள்ளுறதும் படிப்புத்தானடி குஞ்சு," என்பார் சின்னம்மா. நான் தெரியாது என்று எழுதினால் மட்டும் பள்ளிக்கூடத்தில் முட்டை போடுவார்கள்.

உலகத்தில் உள்ள ஒழுங்கைப் பார்த்தால், அதை ஒழுங்குபடுத்திய ஒருவர் இருக்கவேண்டும் என்று ஓர் அத்தியாயம். சின்னம்மா அதற்கு எங்கள் வாய்க்காலையே உதாரணமாக எடுத்தார். ஊர் தெரியாத ஒருவன் வந்து, பெரிய வாய்க்காலிலிருந்து சின்ன வாய்க்காலுக்கும் அதிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் அளவாகப் பிரிந்து போவதைப் பார்த்தால், இதற்குப் பின்னால் யாரோ ஒருவர் இருக்கிறார் என்றுதானே நினைப்பான்? குசினிப் பக்கம் பார்த்து இதைக் கேட்டார்.

"ஓம், இருக்கிறார். தண்ணி திறந்துவிடுறவர்," என்றார் அம்மா உள்ளேயிருந்து. "ரெண்டு கிழமையா ஆளைக் காணேல்லை. உன்ர கடவுளும் உப்பிடித்தானோ?"

சின்னம்மா சிரித்துச் சிரித்து, அதைப் பென்சிலால் புத்தக ஓரத்தில் எழுதிவைத்தார். எதிர்வாதங்களில் அது ஐந்தாவது.

தீமையையும் துன்பத்தையும் பற்றிய அத்தியாயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடவில்லை. கிணற்றுக்கட்டில் தனியாக இருந்து, சத்தமில்லாமல் வாசித்தார். அன்றைக்கு அம்மாவும் குசினியிலிருந்து ஒன்றும் கேட்கவில்லை.

பரீட்சை புரட்டாசியில் என்று கடிதம் வந்தது. அதே கிழமையில் மாமியும் வந்தார், கையில் ஒரு போட்டோவோடு. மாமி என்றால் மாமாவின் மனைவி. கலகலப்பான மனுஷி, மனதில் எதையும் ஒளித்துவைக்கத் தெரியாது. கனகராயன்குளத்தில் அவருடைய ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். சின்னம்மாவை ஏதோ கலியாண வீட்டில் கண்டிருக்கிறார்கள், பிடித்துவிட்டது. ஆவணியில் கலியாணம் வைக்கலாம் என்று கேட்டுவிட்டிருந்தார்கள்.

"பெடியன் தங்கம். குடியில்லை, வெத்திலையில்லை. கதைக்கவே கூச்சம்," என்றார் மாமி.

"படிப்பைப் பற்றிக் கேட்டனீங்களோ மச்சாள்?" என்று அம்மா கேட்டார்.

"கேட்டனான். கலியாணம் முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு தாய் சொன்னவா."

பாப்பம் என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியும். அப்பா கொழும்பில் வேலை. சைக்கிள் வேண்டும் என்று நான் போனில் கேட்டதற்கு அவரும் இரண்டு வருடமாகப் பாப்பம் பாப்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சோதினை முடியட்டும் மச்சாள்," என்றார் சின்னம்மா. "இந்த முறை விட்டனெண்டால் என்ர பதிவு போயிடும், திரும்ப முதலிலயிருந்து தொடங்கோணும். எழுதி முடிச்சாப் பிறகு நீங்கள் ஆரைக் காட்டினாலும் கழுத்தை நீட்டுறன்."

"அதுமட்டும் அவையள் காத்துக்கொண்டு நிப்பினமோ? என்ர ஆக்கள் உங்களுக்குக் காணாதெண்டால் நேர சொல்லுங்கோவன்." மாமியின் கண் கலங்கிவிட்டது. அவர் நல்லதை நினைத்துத்தான் வந்தார், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

மாமா கதிரையில் இருந்தார். கையில் வைத்திருந்த தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது. ஒரு பக்கம் மனைவி மூக்கைச் சீறிக்கொண்டிருக்கிறார், மறுபக்கம் தங்கை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் ஒருதரம் இந்தப் பக்கமும் ஒருதரம் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு எழும்பினார்.

"பிள்ளையாரிட்டைக் கேப்பம். வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாப்பம்," என்றார்.

எங்கள் ஊரில் முடிவெடுக்க முடியாத விஷயங்களுக்கு அதுதான் வழி. ஒரே மாதிரியான இரண்டு பூ, ஒன்று வெள்ளை, மற்றது சிவப்பு. இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் சுற்றி, வித்தியாசம் தெரியாமல் வாழைநாரால் கட்டி, சாமிக்கு முன்னால் வைப்பார்கள். ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். பிரித்தால் வருகிற நிறம்தான் சாமியின் பதில். கேட்கிற வீட்டின் மூத்தவர்தான் பொட்டலம் கட்டவேண்டும். கட்டும்போது ஒருவரும் பார்க்கக்கூடாது. மாடு வாங்குவதற்கும் வெளிநாடு போவதற்கும்கூடப் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

மாமி மூக்கைத் துடைத்தார். "அவர் சொன்னாரெண்டால் நான் வாயே திறக்கமாட்டன். சிவப்பு வந்தால் ஆவணியில கலியாணம். வெள்ளை வந்தால் படிக்கட்டும்."

"ரெண்டில ஒண்டு எப்பிடியும் சிவப்புத்தானே அண்ணை," என்றார் சின்னம்மா. "எடுக்கிற கை எதிலயாவது படத்தானே செய்யும். அதைப் பிள்ளையார் சொன்னதெண்டு எப்பிடி…"

"நம்பிக்கை இல்லையோ?" என்றார் மாமா.

இல்லை என்று சொன்னால், படித்துக் கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லும். ஓம் என்றால் சிவப்பு வந்துவிடலாம். செங்கல் தடிப்புப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரி இருக்கவில்லை.

"எனக்குப் பயமாயிருக்கு அண்ணை," என்றார் சின்னம்மா.

மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பூ எடுக்கிற பிள்ளை நான்தான் என்று முடிவாகியது. சந்தோஷத்தில் துள்ளினேன், ஒரு மணித்தியாலம் வரைக்கும்தான். அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது. என் கை பிழைத்தால் சின்னம்மா கனகராயன்குளத்துக்குப் போய்விடுவார், புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும், நான் ஒருவரையும் பார்த்துப் பிழை என்று கத்த முடியாது.

வியாழக்கிழமை பின்னேரம் சின்னம்மாவிடம் கேட்டேன். "நான் எந்தப் பொட்டலம் எடுப்பன் எண்டு பிள்ளையாருக்கு இப்பவே தெரியுமோ?"

சின்னம்மா நடக்காமல் கிணற்றுக்கட்டில் இருந்தார். பரீட்சை எழுதக் கிடைக்குமோ என்றே தெரியாதபோது எதைப் பாடமாக்குவது? புத்தகத்தை வாங்கி ஒரு பக்கத்தை விரித்தார். "உது ஏழாம் அத்தியாயம். கடவுளுக்கு எல்லாம் முன்னமே தெரியுமெண்டால், நாளைக்கு நீ எதை எடுப்பாய் எண்டதும் தெரியும். அவருக்குத் தெரிஞ்சது பிழைக்காது. அப்ப நீ நினைச்சாலும் மற்றதை எடுக்கேலாது. அப்பிடியெண்டால் எடுக்கிறது நீயோ, அவரோ?"

"ஆர்?"

"மாணவர் தாமே சிந்திக்கவும்," என்று சொல்லிவிட்டு, மெல்லிசாகச் சிரித்தார்.

நான் சிந்தித்தேன். இரவு படுத்த பிறகும் சிந்தித்தேன். இதுதான் என் முடிவு: பிள்ளையாருக்கு மாமா மிகவும் வேண்டியவர். மாமி கலியாணம் வேண்டும் என்கிறார், மாமா மாமி சொன்னால் கேட்பவர். ஆகவே நான் எடுக்கப்போகிற பொட்டலத்தில் பிள்ளையார் சிவப்பைத்தான் வைப்பார். ஆகவே பிள்ளையாருக்குத் தெரியாமல் எடுக்கவேண்டும். வலப்பக்கப் பொட்டலத்தை எடுக்கப்போகிறேன் என்று மனதுக்குள் உறுதியாக நினைத்துக்கொண்டே போவது. கையையும் வலப்பக்கம் கொண்டுபோவது. கடைசி நொடியில் டக்கென்று இடப்பக்கத்தைத் தூக்குவது. நானே அந்த நொடிவரைக்கும் நினைக்காத ஒன்று அவருக்கு எப்படித் தெரியவரும்?

வெள்ளிக்கிழமை விடியவே முழுகி, மாமாவோடு கோயிலுக்குப் போனேன். அம்மாவும் மாமியும் பின்னால் வந்தார்கள். சின்னம்மா தலையிடி என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். நான் கூடை பிடிக்க, மாமா கோயில் வேலியோரம் இருந்த அலரி மரங்களில் பூப்பறித்தார். மாலைக்கென்று வெள்ளை அலரி ஒரு கூடை. கேள்விக்கென்று கடைசியாக ஒரேயொரு சிவப்பு அலரி. பிறகு கூடையை வாங்கிக்கொண்டு மடைப்பள்ளிக்குப் பின்னால் போனார். நான் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்த்தால் கண் தெரியாமல் போகும் என்று மாமி சொல்லியிருந்தார்.

வழக்கமாக ஒரு மாலையைக் கட்டி முடிக்கிற நேரம் சென்றது. மாமா திரும்பி வந்தபோது அவருக்கு வேர்த்திருந்தது. தாம்பாளத்தில் இரண்டு பச்சைப் பொட்டலங்கள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஐயர் அதை வாங்கிப் பிள்ளையாரின் காலடியில் வைத்து, தீபம் காட்டிவிட்டு, எனக்கு முன்னால் கொண்டுவந்து நீட்டினார்.

"கும்பிட்டுப்போட்டு எடுங்கோ பிள்ளை."

நான் வலப்பக்கத்தை உறுதியாக நினைத்தேன். கையை வலப்பக்கம் கொண்டுபோனேன். மாமியின் உதடு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. அம்மா கண்ணை மூடியிருந்தார். பொட்டலத்தில் விரல் முட்டுவதற்கு முன், டக்கென்று இழுத்து, இடப்பக்கத்தைத் தூக்கிவிட்டேன்.

ஐயர் நாரை அவிழ்த்தார். வெள்ளை.

அம்மா "அப்பனே!" என்றார். மாமி ஒரு நிமிடம் அந்தப் பூவையே பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அவரே சொல்லிப்போட்டார், இனி நாங்கள் ஆர் கதைக்க? படிக்கட்டும், வடிவாப் படிக்கட்டும்," என்றார். அதில் ஒரு சொட்டுக் கோபமும் இருக்கவில்லை. நேற்றுவரை அழுத மனுஷியா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மாமா பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று, கையை மாறிப் பிடித்து, தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். வழக்கமாக மூன்று போடுவார். அன்றைக்கு மூன்று முடிந்தும் நிறுத்தவில்லை. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ காதில் செருகியிருந்த பூ கீழே விழுந்தது. ஓடிப்போய்ப் பொறுக்கி அவரிடம் நீட்டினேன். மாமா என்னை ஏனோ ஒரு மாதிரிப் பார்த்தார். பூவை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, திரும்பவும் இருந்து எழும்பினார். தங்கச்சி படிக்கப்போகிற சந்தோஷம், மனுஷனுக்குக் கால் நிற்கவில்லை என்று நினைத்தேன்.

"மற்றப் பொட்டலத்தைக் கொண்டுபோய் வாய்க்காலில விடுங்கோ பிள்ளை. பிரிக்கக்கூடாது," என்றார் ஐயர்.

பிரிக்கக்கூடாது என்று சொல்லாமல் விட்டிருந்தால் பிரித்திருக்கமாட்டேன். எனக்கு என் கெட்டித்தனத்தின் அத்தாட்சி வேண்டும். நான் கையை மாற்றாமல் விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய அந்தச் சிவப்பை ஒருதரம் கண்ணால் பார்க்கவேண்டும். வாய்க்கால் கரையில் குந்தி, நாரைப் பல்லால் இழுத்து, இலையைப் பிரித்தேன்.

அதற்குள்ளும் வெள்ளை அலரி.

வீடுவரைக்கும் ஓடினேன். ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுவிட்டது. சின்னம்மா விறாந்தையில் இருந்தார். மடியில் புத்தகம், விரித்தபடி. வாசிக்கிற முகம் இல்லை.

"வெள்ளை!" என்று கத்தினேன்.

என்னைத் தூக்கிச் சுற்றினார். ஒன்பது வயதுப் பிள்ளையை, அந்த மெலிந்த மனுஷி! அழுதார், சிரித்தார், என் தலையில் முகத்தை வைத்து எதையோ சொன்னார். எனக்கு மூச்சு முட்டியது. அவர் இறக்கிவிட்டதும்தான் மிச்சத்தைச் சொன்னேன்.

"மற்றதும் வெள்ளை சின்னம்மா. நான் பிரிச்சுப் பாத்தனான். பிள்ளையார் அற்புதம் செய்துபோட்டார்."

"என்னடி கதைக்கிறாய்?"

விளக்கினேன். "நான் வலப்பக்கம் எடுக்கப்போறன் எண்டு அவருக்குத் தெரியும். சரியோ? அதால வெள்ளையை வலப்பக்கம் வைச்சிட்டார். அவர் உங்கட பக்கம்தான், நான்தான் பிழையா நினைச்சிட்டன். பிறகு நான் டக்கெண்டு கையை மாத்தினன். அவர் அதை எதிர்பாக்கேல்லை. உடன இடப்பக்கத்தில இருந்த சிவப்பையும் வெள்ளையாக்கிப்போட்டார். வலப்பக்கத்தைத் திருப்பிச் சிவப்பாக்க மறந்துபோனார்."

"மறந்துபோனாரோ? எல்லாம் அறிஞ்சவர்."

"அவசரம் சின்னம்மா!"

சின்னம்மா சிரிக்கவில்லை. மடியிலிருந்து விழுந்து கிடந்த புத்தகத்தைப் பார்த்தார். அற்புதங்கள் என்ற அத்தியாயத்தை நான் இரண்டு தரம் பிடித்திருக்கிறேன். ஒரு விஷயம் அற்புதமாகத் தெரிந்தால், அதைவிட எளிதாக நடந்திருக்கக்கூடியது வேறு ஏதும் உண்டா என்று முதலில் தேடிப் பார்க்கவேண்டும் என்று அதில் வரும்.

"பொட்டலம் ஆர் கட்டினது?"

"மாமாதான். வேற ஆர்?"

"சிவப்புப் பூப் பறிச்சவரோ?"

"ஓம், ஒண்டு. நான் என்ர கண்ணால கண்டனான்."

"பிறகு சிவப்புப் பூ எங்கையும் கண்டனியோ?"

"மாமான்ர காதில ஒண்டு இருந்தது. தோப்புக்கரணம் போடேக்க விழுந்திட்டுது. நான்தான் எடுத்துக் குடுத்தனான். எங்கட மாமா கள்ளம் செய்யமாட்டார் சின்னம்மா, அதுவும் பிள்ளையாருக்கு முன்னால! அதாலதான் சொல்லுறன், இது அற்புதம்தான்."

சின்னம்மா கதிரையில் இருந்துவிட்டார். வேலிக்கு அப்பால் மாமாவின் வளவைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. என் வாதம் அவ்வளவு பலமாக இருக்கும் என்று நானே எதிர்பார்த்திருக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லாதை குஞ்சு. மாமிக்கும் சொல்லாதை, மாமாவுக்கும் சொல்லாதை."

"மாமாவுக்கு ஏன்? கேட்டால் சந்தோஷப்படுவாரே."

"அற்புதம் நடந்ததெண்டு தெரிஞ்சால் மனுஷன் பயந்துபோயிடுவார்," என்றார்.

சொல்லவில்லை. ஒன்பது வயதில் அற்புதம் ஒன்றைக் கண்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும்.

சின்னம்மா புரட்டாசியில் பரீட்சை எழுதினார், அடுத்த வருடங்களிலும் எழுதினார், பட்டமும் எடுத்தார். கனகராயன்குளத்துக்குச் செய்தி போனபோது அந்தக் கூச்சக்காரர், "பிள்ளையாரே சொன்னால் நான் என்ன சொல்ல? படிக்கட்டும். அதுக்குள்ள நான் கிழவனாகிப் போகமாட்டன்," என்றாராம். காத்திருந்தார். இப்போது அவர் எனக்குச் சித்தப்பா. சின்னம்மா கிளிநொச்சியில் படிப்பிக்கிறார், சித்தப்பா மோட்டார் சைக்கிள் திருத்துகிறார். மாமிக்கு இதில் ஒரே பெருமை, இரண்டு பக்கமும் தன்னுடைய ஆட்கள் என்று.

பிள்ளையார் உறை போட்ட அந்தப் புத்தகம் பிறகு எனக்கு வந்தது. அதே பாடத்தை நானும் எடுத்தேன். பத்தொன்பது வயதில், பஸ்ஸில் இருந்து அற்புதங்கள் அத்தியாயத்தை வாசித்துக்கொண்டு போனபோது, எளிதாக நடந்திருக்கக்கூடியது என்ற சொற்களுக்குக் கீழே பழைய பென்சில் கோடு ஒன்றைக் கண்டேன். ஓரத்தில் சின்னம்மாவின் எழுத்தில் 'அண்ணை' என்று மட்டும் இருந்தது. பறித்தது ஒரேயொரு சிவப்பு. அது பொட்டலத்துக்குள் போகவில்லை. என் வாழ்க்கையில் கண்ட ஒரே அற்புதம், பஸ் அடுத்த தரிப்பிடத்துக்குப் போவதற்குள் இல்லாமல் போய்விட்டது. அதற்காக நான் கவலைப்படவில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டு, அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துச் சீட்டு அம்மா தள்ளி இருந்துகொண்டார்.

ஆனால் என்னை உண்மையில் உலுக்கியது அந்தப் பூ இல்லை. அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது ஒன்று அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்குச் சின்னம்மாவும் எங்களோடு கோயிலுக்கு வந்தார். பூசை முடிந்தது. மாமா வழக்கம்போல முன்னால் போய் நின்று தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். போன கிழமை மாதிரியே மூன்றோடு நிறுத்தவில்லை. நாலு, ஐந்து, ஆறு. முழங்கால் மளுக்கென்றது எனக்கே கேட்டது. அப்போது சின்னம்மா என் கையை விட்டுவிட்டு, போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார். கையை மாறிக் காதைப் பிடித்தார். மாமா இருந்து எழும்பும்போது தானும் இருந்து எழும்பினார்.

மாமா நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தார். சின்னம்மா அவரைப் பார்க்கவில்லை. பிள்ளையாரைப் பார்த்தபடி, இன்னொன்று போட்டார். மாமாவின் வாய் கோணியது. அவரும் பிள்ளையார் பக்கம் திரும்பி, காதைப் பிடித்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒன்றாகவே இருந்தார்கள், ஒன்றாகவே எழும்பினார்கள்.

போட்டி என்றால் எனக்குச் சொல்லவா வேண்டும்? தூணுக்குப் பக்கத்தில் நின்று எண்ணத் தொடங்கினேன். பத்துத் தாண்டியது, இருபது தாண்டியது. சின்னம்மாவுக்கு மூச்சு வாங்கியது. மாமாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வேர்வை என்று நினைத்தேன். "மாமா, விடாதேங்கோ!" என்று கத்தினேன். அம்மா என் தொடையில் ஒன்று கிள்ளினார். முப்பத்தொன்றில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் புத்தகம் மாதிரியே இதிலும் யார் வென்றது என்று தெரியாமல் போய்விட்டதே என்று, வீடு வந்து சேரும்வரைக்கும் எனக்கு ஒரே மனவருத்தம்.